நீல எஞ்சினும் ஒரு முழு சைபரும்

அவள் பிறந்தபோது அழவில்லை, மருத்துவச்சியின் முகத்தைப் பார்த்து "ஏன்?" என்று கேட்டாள் என்று எங்கள் தெருவில் ஒரு கதை உண்டு. அதை நான் முழுமனதாக நம்புகிறேன். கட்டிவிட்டதே நான்தான். ஆனால் இனிமேல் சொல்லப்போவதில் நான் சேர்த்த சரக்கு குறைவு. சந்தேகம் இருப்பவர்கள் அவளிடமே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். பதில் கிடைப்பதற்குள் உங்களிடம் அவள் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள்.

கார்களுக்கு மின்வேலை பார்ப்பவள் அவள். தெரு அவளுக்கு வைத்த பெயர் கேள்வி. "கேள்வி கடை திறந்தாச்சா?" என்பார்கள். "ஹாரன் அடிக்கலையா? கேள்விகிட்ட விடு" என்பார்கள். மின்னியல் படித்து முடித்ததும் ஒரு பேட்டரிக் கடையில் சேர்ந்தாள். பேட்டரிக்கு ஏன் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் எத்தனை நாளில் சாகும், சாகும்போது எந்தத் தட்டு முதலில் சாகும் என்று காலையில் ஆரம்பித்தால் கடை மூடும்வரை விடமாட்டாள். முதலாளி ஆறு மாதம் பொறுத்தார். பிறகு அவளைப் பற்றி இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்து கடிதம் எழுதி, போட்டிக் கடைக்கு அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குச் சொந்தமாக அரைக் கொட்டகை கிடைத்தது. கணவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். அவருடைய தம்பி, அதாவது இவளுடைய கொழுந்தன், எஞ்சின் மெக்கானிக். தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகையில் அவன் பாதியில் எண்ணெய் மினுங்கும் தரை, ஸ்பேனர்கள், வயிறு திறந்து கிடக்கும் எஞ்சின்கள். இவள் பாதியில் ஒரு மேஜை, பற்றவைக்கும் கோல், ஆணிகளில் தொங்கும் பல நிற ஒயர்ச் சுருள்கள், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி. நடுவில் எல்லைக் கல் மாதிரி ஒரு பழைய பேருந்து சீட். நாலு பேர் உட்காரலாம். எட்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. "எஞ்சின் உங்களுது தம்பி, ஒயர் என்னுது" என்று முதல் நாளே பேசிக்கொண்டார்கள்.

எஞ்சின் இறக்கிப் பெரிய வேலை பார்த்த வண்டி கிளம்பாமல் அடம்பிடித்தால், இவள் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஆட்களைத்தான் திறப்பாள். கடைசியாக யார் கை வைத்தது? எதை முதலில் கழற்றினார்கள்? எதைக் கடைசியில் மாட்டினார்கள்? நடுவில் சாப்பிடப் போனார்களா? பெரிய வேலை முடிந்து வரும் வண்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஆள் மாதிரி என்பாள்; வியாதி போயிருக்கும், செருப்பு மாறியிருக்கும். அந்த மாறிய செருப்பைத் தேடுவதுதான் அவள் தொழில். ஒரு வண்டியில் பிரேக்கை மிதித்தால் ரேடியோவில் நிலையம் மாறியது. நானே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். மூன்றாவது மிதியில் வானிலை அறிக்கை வந்தது.

பார்த்த ஒவ்வொரு வண்டியையும் அவள் நோட்டில் எழுதிவைப்பாள். என்ன வண்டி, என்ன வேலை நடந்தது, கரண்ட் அளக்கும் மீட்டர் எந்த இடத்தில் என்ன எண் காட்டியது. பள்ளிக்கூட நோட்டுகள், இதுவரை பதினேழு. வாடிக்கையாளர் பெயர் மறந்துபோகும். அவர் வண்டியின் எண்கள் மறக்கவே மறக்காது.

கொழுந்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல உயரம், மெல்லிய குரல். கோபமோ வெட்கமோ வந்தால் முகம் மாறாது, காது மட்டும் சிவக்கும். தான் பிரித்துக் கோர்த்த எஞ்சினுக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடித்துத்தான் வண்டியில் ஏற்றுவான். கேட்டால் எண்ணெய் கசிந்தால் நீலத்தில் உடனே தெரியும் என்பான். உண்மையான காரணம் அதுவல்ல. எந்த ஊரில், எந்த வண்டியின் பானெட்டைத் தூக்கினாலும் நீலம் தெரிந்தால், 'ஓ, இது அவன் கை' என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

இந்த இருவருக்கும் நடுவில் ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு பூக்கடை வேன். கொழுந்தன் எஞ்சின் வேலை பார்த்து அனுப்பிய பத்தாம் நாள், முன்னூறு ரோஜாவோடு அது நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தார்கள். பூக்கடைக்காரரும், வேடிக்கை பார்க்க வந்த நாலு பேரும் சுற்றி நிற்க, இவள் எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"தம்பி, உள்ள ஆயில் பம்ப் பழசையேவா போட்டீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் பழையதையேதான் போட்டிருந்தான். ஐந்து பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். இரண்டு காதும் பின்விளக்கு மாதிரி சிவந்தன. அன்றிலிருந்து அவன் அண்ணியோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டான். வேலை விஷயம் ஏதாவது இருந்தால் பேருந்து சீட்டைப் பார்த்துச் சொல்வான்: "நாளைக்கு ஒரு டைனமோ வருது, பார்க்கணும்." இவளும் சீட்டைப் பார்த்தே பதில் சொல்வாள். அந்த ஐந்து மாதத்தில் அந்தச் சீட் இரண்டு தொழிலையும் கற்றுக்கொண்டிருக்கும்.

வேனுக்குப் பிறகு அவன் கையில் இருந்த தெம்பு போய்விட்டது. ஊர் ஓரத்தில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரங்களைக் கண்காணிக்கும் வேலை காலி என்று கேள்விப்பட்டு, போய்ப் பேசிவிட்டு வந்தான். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் போன் செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தான்.

அந்த நேரத்தில்தான் டிரைவிங் ஸ்கூல் கார் வந்தது. அதன் ஆசிரியரை ஊரே மெதுவா மாஸ்டர் என்று அழைக்கும். இருபத்திரண்டு வருடமாக "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே பழகி, கல்யாண வீட்டில் பாயசம் பரிமாறுகிறவரிடம்கூட அதையே சொல்கிறவர். கத்துக்குட்டிகளின் காலில் மிதிபட்டு மிதிபட்டு அந்தக் காரின் எஞ்சின் கிழடு தட்டியிருந்தது. பிரித்து எல்லாம் புதிதாகப் போட வேண்டும். திங்கட்கிழமை அவருடைய மாணவர்கள் ஒன்பது பேருக்கு லைசென்ஸ் தேர்வு. அவர்களுக்கு வேறு வண்டியில் கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

கொழுந்தன் அந்த எஞ்சினை நகைக்கடை மாதிரி விரித்து வைத்து வேலை பார்த்தான். பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப், எல்லாம் புதிது. ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை இறுக்கிப் பார்த்தான். வழக்கமாகத் தூரிகையால் அடிக்கும் நீலத்தை இந்த முறை ஸ்பிரேயில் அடித்தான், அதுவும் சூடு தாங்கும் உயர்ந்த ரகம், இரண்டு கோட்டு. ஒரு மயிரிழை இடம்கூட விடவில்லை. பாத்திரக் கடையில் வைத்திருந்தால் யாராவது விலை கேட்டிருப்பார்கள். அவ்வளவு அழகு.

செவ்வாய்க்கிழமை எஞ்சினை ஏற்றி, எல்லாம் மாட்டி, சாவியைத் திருப்பினான்.

"ர்ர்ர்... ர்ர்... டக்."

அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். "ர்ர்... டக்." எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப வேண்டிய செல்ஃப் மோட்டார், மாடிப்படி ஏறும் குண்டு மனிதர் மாதிரி இரண்டு படி ஏறிவிட்டு நின்றது. புது பேட்டரி வைத்துப் பார்த்தான். அதே "டக்." செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து நேராகக் கரண்ட் கொடுத்தான். அது தவளை மாதிரி துள்ளிச் சுற்றியது. மோட்டார் நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது.

சீட்டைப் பார்த்து, "ஒயர்ல ஏதாச்சும் இருக்கான்னு பார்க்கச் சொல்லணும்" என்றான்.

இவள் மீட்டரோடு வந்தாள். ப்ளஸ் பக்கம் முழுதும் அளந்தாள். சரி. எர்த் பக்கம் அளந்தாள். பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் வேலையை முடித்துவிட்டு எஞ்சின் வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், இன்னொரு முனையை நீல எஞ்சினிலும் வைத்து, வண்டியைப் பார்க்க வந்திருந்த மெதுவா மாஸ்டரை உள்ளே ஏறிச் செல்ஃப் அடிக்கச் சொன்னாள். வழியில் கரண்ட் எங்காவது தடுக்கினால் மீட்டரில் எண் ஏறும். ஏறவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு, "எர்த் சரியா இருக்கு. ஒயர்ல கோளாறு இல்ல" என்று சீட்டிடம் சொன்னாள்.

ஒயரில் இல்லை என்றால் எஞ்சினில். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். உள்ளே எங்கோ இறுகிப் பிடிக்கிறது. பூக்கடை வேன் மாதிரியே.

அன்று சாப்பாட்டில் அவன் அண்ணனிடம் சொன்னான்: "நாளைக்கு நாலு மணிக்கு லேத் கடைக்காரர் செயின் பிளாக் கொண்டு வர்றார். அதுல தூக்கி எஞ்சினைத் திரும்ப இறக்கறேன். ஆனா அதோட சரிண்ணே. ரெண்டாவது எஞ்சினும் இறுகிடுச்சுன்னா எனக்கு இந்தக் கை வேண்டாம். வெள்ளிக்கிழமை கிடங்குல கையெழுத்துப் போட்டுடறேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். "எட்டு இருபதுக்கு எழுந்துட்டான்" என்றார் டைம் கீப்பர். கவலை வந்தால் அவர் மணி சொல்வார். சந்தோஷம் வந்தாலும் அதையேதான் சொல்வார்.

மறுநாள் காலை டீயை முன்னால் வைத்துக்கொண்டு இவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம். பிறகு எழுந்து போய்ப் பழைய நோட்டு அத்தனையையும் தூக்கிவந்து புரட்டினாள்.

"ஏழு பத்து. டீ ஆறுது" என்றார் கணவர்.

"என்னங்க, சைபர்."

"என்ன சைபர்?"

"நேத்து எர்த்ல வந்த நம்பர். முழு சைபர். புள்ளிக்கு அப்புறமும் சைபர்."

"தப்பு இல்லைன்னா சைபர்தானே வரணும்?"

"அதெப்படி வரும்? பதினேழு நோட்டுலயும் பார்த்துட்டேன். நல்லா ஓடற வண்டியிலகூட புள்ளி ஒண்ணு, புள்ளி ரெண்டுன்னு கொஞ்சமாச்சும் தடுக்கும். சைபர் எதுலயும் இல்ல. ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறீங்களே, ஒரு பஸ்சாவது நொடி பிசகாம வந்திருக்கா?"

"வராது."

"வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என் கடிகாரம் நின்னுபோச்சான்னு பார்ப்பேன்."

இவள் அவரையே பார்த்தாள். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரை அவ்வளவு ஆசையாகப் பார்த்தது அது இரண்டாவது தடவையாக இருக்கலாம். டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள். "ஏழு பதினாலு" என்றார் அவர் காலி வாசலைப் பார்த்து.

கொட்டகையில் கொழுந்தன் காரின் பானெட்டை ஏற்கெனவே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தான். மெதுவா மாஸ்டர் பேருந்து சீட்டில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா" என்றார் மாஸ்டர். "நம்ம பிள்ளைங்களுக்குத் திங்கக்கிழமை பரீட்சை. வண்டியைத் தள்ளிக்கிட்டே எட்டுப் போடச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன்."

"மாஸ்டர், உள்ள ஏறுங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க."

கொழுந்தன் சீட்டைப் பார்த்து, "ரேடியேட்டரைக் கழட்டற நேரம் இது" என்றான்.

"பத்தே நிமிஷம்னு சொல்லுங்க" என்றாள் இவள், சீட்டிடம்.

மாஸ்டர் சாவியைத் திருப்பினார். "ர்ர்... டக்." இவள் காரின் முன்னால் போய் நின்று, எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்தாள். இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள். வெளிச்சம் அப்படியே நின்றது.

"ஏன் மங்கல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"நல்லதுதானேக்கா? பேட்டரி தெம்பா இருக்கு."

"இல்ல மாஸ்டர். எஞ்சின் இறுகிக் கிடந்தா செல்ஃப் மோட்டார் மூச்சு முட்டி இழுக்கும். பேட்டரியில இருக்கறதையெல்லாம் அதுவே உறிஞ்சிடும், லைட் செத்துப்போகணும். இங்க லைட் கல்யாணக் களையோட இருக்கு. அப்படின்னா மோட்டார் நிறையச் சாப்பிடல. அதுக்குச் சாப்பாடே போய்ச் சேரல."

கொழுந்தனின் கை ஸ்பேனரிலேயே நின்றது. அவள் அவன் பக்கம் திரும்பாமல், சீட்டிடமும் சொல்லாமல், பொதுவாகக் காற்றிடம் கேட்டாள்: "எஞ்சினைக் கையால சுத்தினா சுத்துதா?"

அவன் நீளமான ஸ்பேனரை எடுத்து, முன்பக்கம் இருந்த புல்லியில் மாட்டி, ஒரே கையால் இழுத்தான். புது எஞ்சின் கொஞ்சம் முனகிற்று, ஆனால் பிடிவாதம் பண்ணாமல் சுற்றியது. அவன் நிமிர்ந்து தன் கையையே பார்த்தான். என் ஒரு கைக்குச் சுற்றுவது மோட்டாருக்கு ஏன் சுற்றவில்லை? அந்தக் கேள்வி அவன் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. கேள்வி என்பது ஒட்டிக்கொள்ளும் வியாதி. ஐந்து மாதமாக மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவனுக்கும் கடைசியில் தொற்றிவிட்டது.

"மாஸ்டர், வேற என்ன புதுசா இருக்கு வண்டியில? எதுவானாலும் சொல்லுங்க."

"அது... கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்குக்கா. நேத்துலேர்ந்துதான். செல்ஃப் அடிக்க அடிக்க இறுகுது. கேபிளா, என் முழங்காலான்னு தெரியாம பேசாம இருந்துட்டேன்."

அவள் உடனே குனிந்து கிளட்ச் கேபிளைத் தொட்டாள். கையை வெடுக்கென்று எடுத்தாள். மறுபடி மெல்லத் தொட்டாள், குழந்தையின் நெற்றியைத் தொடுவது மாதிரி.

"இதுக்கு ஏன் காய்ச்சல் அடிக்குது?"

இழுத்தால் இழுபட வேண்டும், விட்டால் திரும்ப வேண்டும். அதைத் தவிர உலகத்தில் அந்தக் கேபிளுக்கு வேறு வேலை கிடையாது. கரண்டுக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஆனால் அது ஒரு பக்கம் எஞ்சினோடும், மறுபக்கம் காரின் உடம்போடும் சேர்ந்திருக்கும் இரும்பு. திரும்பிப் போகிற கரண்டுக்குத் தன் சொந்த ரோடு அடைபட்டிருந்தால் அது என்ன செய்யும்? சந்து பொந்தில் நுழையும். அத்தனை கரண்டையும் தாங்கச் சந்துக்கு வலு ஏது? சூடாகும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகும். மாஸ்டரின் முழங்கால் வலிக்கும்.

ஆக எர்த்தான். நேற்று அவள் சரி என்று சொன்ன அதே எர்த்.

பெரிய டார்ச்சை எடுத்து அடியில் பார்த்தாள். எர்த் பட்டை இருந்தது. அறுந்திருக்கவில்லை, மாட்ட மறந்திருக்கவும் இல்லை. காரின் உடம்பிலிருந்து வந்து, எஞ்சினில் கனமான ஒரு போல்ட்டால் நன்றாக இறுக்கப்பட்டிருந்தது. பட்டைக்கு அடியில் நீலம். போல்ட்டைச் சுற்றிலும் நீலம். போல்ட்டின் தலையும் நீலம்.

பெயிண்ட். கரண்டை ஒரு துளி விடாத, சூடு தாங்கும், உயர்ந்த ரகப் பெயிண்ட்.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. கேள்வியும் கூடவே கிளம்பித் தொண்டைக்கு வந்தது: 'தம்பி, எர்த் பட்டைக்கு அடியிலயுமா பெயிண்ட் அடிச்சீங்க?' அதே கொட்டகை. பக்கத்தில் அதே மாதிரி ஒரு வாடிக்கையாளர். ஆயில் பம்ப் கேள்வியின் கூடப்பிறந்த தங்கச்சி இது. இதைக் கேட்டால் எஞ்சின் பிழைக்கும். எஞ்சினைக் கட்டியவன் நேராகக் கிடங்குக்குப் போவான்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு கேள்வியை விழுங்கினாள். பழக்கமில்லாத காரியம். உடனே விக்கல் எடுத்தது.

"தண்ணி குடிங்கக்கா, மெதுவா" என்றார் மாஸ்டர்.

விக்கலோடு அவள் எழுந்து நின்றாள். சீட்டைப் பார்க்கவில்லை. கொழுந்தனையே பார்த்துச் சொன்னாள்.

"தம்பி, நேத்து நான் சொன்னது தப்பு."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவனும் நேராகப் பார்த்தான். "என்ன தப்பு அண்ணி?"

"எர்த் சரின்னு சொன்னேன்ல. மீட்டர் முழு சைபர் காட்டுச்சு, நானும் சந்தோஷமா எழுதிக்கிட்டேன். என் மீட்டர் உங்க எஞ்சினைத் தொடவே இல்லங்கறது எனக்குத் தெரியல. இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன், பள்ளிக்கூடப் பிள்ளை பண்ற தப்பைப் பண்ணிட்டேன். என் பேச்சை நம்பித்தான் நீங்க செயின் பிளாக் வரச் சொன்னீங்க."

"தொடலைன்னா? நீங்க வச்சதை நான்தானே பார்த்தேன்?"

அவள் மீட்டரின் முனையை அவன் கையில் கொடுத்தாள். "நேத்து வச்ச அதே இடத்துல நீங்களே வைங்க."

அவன் வைத்தான். மாஸ்டர் செல்ஃப் அடித்தார். சைபர்.

"இப்ப வேற எங்கயாச்சும் வைங்க. உங்களுக்குத் தோணற இடத்துல."

அவன் முனையைக் கையில் பிடித்தபடி தன் எஞ்சினை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றான். எங்கு பார்த்தாலும் நீலம். பிறகு டைனமோவைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டின் முனையில், ஸ்பேனர் உரசிப் பளபளத்த ஒரு கீறலில், முனையை அழுத்தினான். "அடிங்க மாஸ்டர்."

"டக்." மீட்டர் ஏழைத் தாண்டியது.

கொழுந்தன் எண்ணைப் பார்த்தான். கீறலைப் பார்த்தான். டார்ச்சை வாங்கிக்கொண்டு எர்த் பட்டையைப் பார்த்தான். காதுகள் மெல்ல மெல்லச் சிவந்தன. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விக்கலும் மரியாதைக்கு நின்றுகொண்டது.

"அண்ணி" என்றான். "பட்டைக்கு அடியிலயும் அடிச்சிருக்கேன்."

"ம்."

"போல்ட்டுப் புரிக்குக்கூட பசை தடவி இறுக்கியிருக்கேன். எண்ணெய் ஒரு சொட்டு வரக் கூடாதுன்னு."

"ம்."

"அப்போ இது... இறுகல. எஞ்சின் நல்லா இருக்கு."

"எஞ்சின் ரொம்ப நல்லா இருக்கு தம்பி. உங்க பெயிண்ட் அதைவிட நல்லா இருக்கு. உங்களையும் ஏமாத்திடுச்சு, என்னையும் ஏமாத்திடுச்சு."

மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எனக்கு யாராச்சும் சொல்றீங்களா?"

இதுதான் நான் பயந்த இடம். அவன் நினைத்திருந்தால் 'எர்த் லூஸ் மாஸ்டர்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். மாஸ்டருக்குத் தெரியப்போவதில்லை, அண்ணியும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு காரின் பக்கத்தில் போய் நின்றான்.

"நான்தான் மாஸ்டர். பெயிண்ட் அடிக்கக் கூடாத இடத்துலயும் அடிச்சுட்டேன். ஆசையில அடிச்சுட்டேன்."

மாஸ்டர் யோசித்தார். "என்கிட்ட படிக்கிற ஒரு அம்மா, ரொம்ப ஆசையில ரெண்டு காலாலயும் ஒரே பிரேக்கை மிதிப்பாங்க" என்றார். "அதுக்காக அவங்களை இறங்கிப் போகச் சொல்லல."

கொழுந்தன் போல்ட்டைக் கழற்றினான். உப்புத்தாளை எடுத்துத் தன் நீலத்தின் மேல் வைத்தான். முதல் தேய்ப்புக்கு முன்னால் ஒரு கணம் தயங்கினான். பிறகு தேய்த்தான். நீலப் பொடி உதிர உதிர, அடியிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை இரும்பு சிரித்தது. புரியில் இருந்த பசையையும் துடைத்தான். பட்டையை வைத்து இறுக்கினான். மீட்டரின் முனையைத் தானே கீறலில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான்.

"அடிங்க மாஸ்டர்" என்றாள் அவள்.

மாஸ்டர் சாவியைத் திருப்பினார். குண்டு மனிதர் இந்த முறை மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினார். எஞ்சின் ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை தும்மியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி இரண்டு கழன்று விழுந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அது பூனை மாதிரிதான் முனகியது. அவ்வளவு சீரான எஞ்சின்.

"எவ்வளவு காட்டுச்சு?" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள் இவள்.

"புள்ளி ஒண்ணு எட்டு!"

"சைபர் இல்லையே?"

"சைபர் இல்லண்ணி!"

அவள் நோட்டை எடுத்தாள். முந்தின நாள் பக்கத்தில் இருந்த சைபரை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் 'என் தப்பு' என்று எழுதி, கீழே புது எண்ணை எழுதினாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கி, 'என்' என்பதை அடித்து 'நம்ம' என்று திருத்தினான். கையெழுத்தும் எண்ணெயும் சேர்ந்து பதிந்த அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

புது கிளட்ச் கேபிள் வாங்கி மாட்டி, பானெட்டை ஏற்றி, மாஸ்டர் மெதுவாகக் கிளம்பிப் போனபோது மணி மூன்றரை. நாலு மணிக்கு லேத் கடைக்காரர் செயின் பிளாக்கைத் தள்ளுவண்டியில் வைத்து, வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். காலி இடத்தைப் பார்த்தார்.

"எஞ்சின் எங்கப்பா?"

"ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு."

"அப்ப நான் இதை எதுக்கு அவ்வளவு தூரம் தள்ளிட்டு வந்தேன்? எதையாச்சும் தூக்காம நான் போகமாட்டேன்."

கொழுந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் கண் போன இடத்துக்கு அண்ணியின் கண்ணும் போனது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"அந்த சீட்டைத் தூக்கிடுங்க" என்றான். "நடுவுல ரொம்ப நாளா இடிக்குது."

சங்கிலி கிறீச்சிட, சீட் தரையை விட்டு எழும்பியது. அடியில் நாலு ஸ்பேனர், ஒரு ஹாரன், இவள் மூன்று வருடமாகத் தேடிய பற்றவைக்கும் கோல் ஒன்று, யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு செருப்பு. இப்போது சீட் வாசலில் இருக்கிறது. காத்திருப்பவர்கள் அதில் உட்கார்கிறார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது பேரில் எட்டு பேர் தேறினார்கள். ஒன்பதாவது, இரண்டு காலால் பிரேக் மிதிக்கும் அந்த அம்மா. அதற்கும் ஒயருக்கும் சம்பந்தமில்லை. கொழுந்தனின் எஞ்சின்கள் இன்றும் நீலம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் பட்டை உட்காரும் இடத்தில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வெறும் இரும்பாகப் பளபளக்கும். பெயிண்ட் அடிக்கும் முன்பே அங்கே ஒரு வட்டக் காகிதத்தை ஒட்டிவிடுவான். அது என்ன என்று யாராவது கேட்டால், "எங்க அண்ணிக்கு விட்ட இடம்" என்பான்.

இதற்கு நடுவில், தேர்வுக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை, அவன் கிடங்குக்குப் போனான். வேலை வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று. போனவன் திரும்பி வரும்போது ஒரு மாதிரியாக வந்தான். கொட்டகைக்குள் நுழைந்தவன், சீட் இருந்த காலி இடத்தைத் தாண்டி, நேராக இவள் மேஜைக்கே போனான்.

"அண்ணி, அங்க அந்தச் சிவப்பு விளக்கு எப்பவுமே எரிஞ்சுக்கிட்டே இருக்காம். இயந்திரம் புதுசா மாத்தினதுலேர்ந்து அப்படித்தானாம். அது அப்படித்தான் எரியும்னு விட்டுட்டாங்களாம்."

அவள் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தாள்.

"ஏன் எரியுதாம்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். யாருக்கும் தெரியல."

அவள் மீட்டரை எடுத்துப் பையில் போட்டாள். அவன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். அவர்களை அங்கே யாரும் கூப்பிடவில்லை, அது கார்கூட இல்லை. வாசலில் எதிர்ப்பட்ட டைம் கீப்பர், இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறிப் போவதைப் பார்த்து நின்றார். அப்போது மணி ஐந்து ஏழு.